முதல் மதிப்பெண் வாங்கிய ரம்பம்

செவெரின் வனத்துறைக்கு எழுதிய கடிதத்தில் மொத்தமே மூன்று வரிதான். என் சங்கிலி ரம்பத்தின் பிரேக் பிடிக்கவில்லை. புயலில் சாய்ந்த மரங்களை இதை வைத்துக்கொண்டு அறுக்க முடியாது. வேறு ஒன்று தரும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே கையெழுத்தும் தேதியும். இதிலிருந்து ஓர் ஆணையம் பிறக்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, இருக்கிற ரம்பத்தோடு பேசாமல் காட்டுக்குப் போயிருப்பான்.

ஆஸ்திரியாவில், மேல் ஸ்டைரியா மலைப்பகுதியின் அரசாங்கக் காடுகளில் அவன் பத்தொன்பது வருடமாக மரம் வெட்டுகிறவன். போன அக்டோபரில் அடித்த காற்றில் மலைச்சரிவு முழுக்க ஊசியிலை மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. நிற்கிற மரத்தை வெட்டுவது வேறு, விழுந்த மரத்தை அறுப்பது வேறு. விழுந்த மரம் வில்லாக வளைந்து, இன்னொன்றின் கீழே மாட்டிக்கொண்டு, யாராவது வந்து தொட மாட்டார்களா என்று காத்திருக்கும். போதாததற்கு ரம்பத்தின் முனை தெரியாமல் ஒரு கிளையில் உரசிவிட்டால், ரம்பம் அறுப்பவனின் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் சங்கிலியை நிறுத்துவதற்குத்தான் பிரேக்.

மார்ச் மாதம் ஒரு காலை அது எகிறியது. பிரேக் நிறுத்தவில்லை. சங்கிலி ஓடிக்கொண்டே அவன் வலது காதுப் பக்கமாகப் போய், ஹெல்மெட்டின் காதுமூடியைப் பிய்த்துக்கொண்டு போனது. செவெரின் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கூட வேலை செய்யும் பார்ட்டல் ஓடிவந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காது இருக்குடா. ரெண்டும் இருக்கு. எந்திரி."

"கால் வரமாட்டேங்குது பார்ட்டல்."

"காலுக்கு ஒண்ணும் ஆகலியேடா."

"தெரியும். வரமாட்டேங்குது."

அன்று மத்தியானமே ரம்பத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் ஒட்டிலி க்ரென்னின் கடைக்குப் போனான். ஒட்டிலி ரம்பம் விற்கிறவள், பழுதும் பார்க்கிறவள். சுற்றுவட்டாரத்தில் எந்த ரம்பம் இருமினாலும் அவளுக்குச் சத்தம் தெரியும். மூடியைத் தட்டிப் பார்த்தாள்.

"உள்ள பிரேக் பட்டை தேஞ்சுபோச்சுப்பா. இருபது நிமிஷ வேலை. காப்பி குடிச்சிட்டு வா, தயாரா இருக்கும்."

"போன வாரமே லெட்டர் எழுதிப் போட்டிருக்கேன் அக்கா. புதுசே கேட்டு."

"அத ஏன் எழுதின?" என்றாள் ஒட்டிலி. அவள் திருப்புளியைக் கையில் எடுத்தபோது வாசலில் வனத்துறை வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கையில் ஓர் ஆணை. புகாருக்கு உள்ளான கருவியை விசாரணை முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது. ரம்பத்தின் மூடிமேல் கம்பியைச் சுற்றி, ஈயத்தில் முத்திரை குத்தினார்.

"அப்போ நான் எத வச்சு வேலை பாக்குறது?" என்று கேட்டான் செவெரின்.

அவர் ஆணையை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். "திறக்கத்தான் கூடாதுன்னு போட்டிருக்கு. ஓட்டக் கூடாதுன்னு போடல."

முத்திரை பழுது பார்ப்பதை மட்டும்தான் தடுத்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு செவெரின் அதே ரம்பத்தோடு அதே சரிவில் நின்றான்.

ஏப்ரலில் மாநிலத் தலைநகர் கிராட்ஸிலிருந்து ஓலை வந்தது. "மரவெட்டு ரம்பங்களின் திறன், நம்பகத்தன்மை, விற்பனையாளர் ஆதரவு ஆகியவற்றை ஒப்பிடுவதற்கான மாநில ஆணையம்" அமைக்கப்பட்டிருக்கிறது; அதில் அவன் நேரடிப் பயனாளர் பிரதிநிதி. வாக்கு கிடையாது, பேச உரிமை கிடையாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் அவன் கையெழுத்து வேண்டும். செவெரின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ரயில் ஏறினான். மரம் எந்தப் பக்கம் விழும் என்று அவனுக்கு ஓரளவு தெரியும். அலுவலகம் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது.

ஆணையத் தலைவர் அரசவை ஆலோசகர் டாக்டர் எங்கல்பெர்ட் ட்ராக்ஸ்லர். எங்கள் நாட்டில் பேரரசர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அரசவை ஆலோசகர்கள் மட்டும் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் குறிப்பெழுத ஸீக்லிண்டே; முதுகலைப் பட்டம் வாங்கியவர் என்பதால் எல்லோருக்கும் மாஜிஸ்டர் ஸீக்லிண்டே. நீள மேசையின் நடுவில் மூன்று அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றையும் சுற்றி நாடா, நாடாமேல் அரக்கு. பெட்டிகளுக்கு இந்தப் பக்கம் வாதுமைக் கேக்.

"இதுக்குள்ள மூணு கம்பெனி ரம்பம் இருக்கு" என்று ஆரம்பித்தார் ட்ராக்ஸ்லர். "எது எந்தக் கம்பெனின்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. பெட்டியத் தொறந்தா கலர் தெரியும். கலர் தெரிஞ்சா கம்பெனி தெரியும். கம்பெனி தெரிஞ்சா மனுஷ மனசு சாஞ்சிடும். அதனால கடைசி வரைக்கும் இத நாம தொறக்கப் போறதில்ல. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒப்பிட்ட எந்தப் பொருளையும் கண்ணால பாத்ததே கிடையாது. என் பேர்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு குத்தச்சாட்டு இல்ல."

உறுப்பினர்கள் மேசையை விரலால் தட்டிப் பாராட்டினார்கள். செவெரினும் தட்டினான். தட்டாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

முதலில் திறன். ஓட்டாமல் திறனை எப்படி அளப்பது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மூன்று கம்பெனிகளும் அனுப்பிய விளக்கப் புத்தகங்களிலிருந்து பெயரையும் படத்தையும் கத்தரித்துவிட்டு, மிச்சத்தில் 'சக்தி' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று மாஜிஸ்டர் ஸீக்லிண்டே எண்ணிவைத்திருந்தார். முதல் பெட்டிக்குப் பதினான்கு. இரண்டாவதுக்கு இருபத்திரண்டு. மூன்றாவதுக்கு ஒன்பதுதான், ஆனால் ஒன்பதிலும் ஆச்சரியக்குறி இருந்தது. ஆச்சரியக்குறிக்கு அரை மதிப்பெண் கொடுக்கலாமா என்ற விவாதம் மத்தியானச் சாப்பாடுவரை போனது. சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கென்று ஒரு துணைக்குழு போட்டார்கள்.

அடுத்து நம்பகத்தன்மை. மூன்று பெட்டிகளையும் அதே மேசையில் தொண்ணூறு நாள் வைத்திருந்து, ஏதாவது பழுதாகிறதா என்று கவனிப்பது என்று முடிவானது.

செவெரின் நாற்பத்தோரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பினான்.

அந்தத் தொண்ணூறு நாளும் அவன் மலையில் இருந்தான். ரம்பத்தைக் கிளப்புவதற்கு முன்னால் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. பிறகு சாப்பிடும்போதும் தலை சாய்ந்தே இருந்தது. கறுப்பு ரொட்டியும் பன்றிக்கறித் துண்டும் வாய்வரை வந்து திரும்பிப் போயின. முகம் மழிக்கும்போது கத்தி கன்னத்தில் பட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது. பார்ட்டல் பத்தடி தள்ளி நின்று வேலை செய்தவன், மே மாதத்தில் இருபதடி தள்ளிப் போனான். அதற்காக அவன்மேல் செவெரினுக்குக் கோபம் வரவில்லை.

ஜூனில் இரண்டாம் முறை எகிறியது. ரம்பத்தின் அலகு தோளுக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பார்ட்டல் ஓடிவரும்போது செவெரின் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து தன் சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"வேலைய விட்டுடுடா" என்றான் பார்ட்டல். "எங்க மாமன் ஆலையில ஆள் எடுக்கிறாங்க."

"ஆணையத்துல இருக்கேன்டா நான். விசாரணை முடியிற வரைக்கும் பிரதிநிதி வேலைய விட முடியாதாம். எழுதிக் கேட்டுப் பாத்துட்டேன்."

"இன்னொரு லெட்டரா? உன் கையக் கட்டிப் போடணும்டா முதல்ல."

அதே வாரம் வேலை மந்தமாக நடப்பதாக அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வெயில் ஏறினால் விழுந்த மரங்களில் பட்டை வண்டு பிடிக்கும், சீக்கிரம் அறுக்கவும் என்று அதில் எழுதியிருந்தது.

ஜூலையில் ஆணையம் மறுபடி கூடியது. தொண்ணூறு நாளில் மூன்று பெட்டியும் ஒரு முறைகூடப் பழுதாகவில்லை. மூன்றுக்கும் முழு மதிப்பெண். மூன்றாம் பெட்டியின் ஓரத்தில் காப்பிக் கோப்பை வைத்த வட்டக் கறை இருந்ததால் அதற்குக் கால் மதிப்பெண் குறைத்தார்கள்.

பிறகு விற்பனையாளர் ஆதரவு. ஒவ்வொரு கம்பெனிக்கும் நம் மலைப்பகுதியில் இருக்கும் கடைக்கு ஆணையமே போன் போட்டுப் பார்ப்பது என்று திட்டம். மாஜிஸ்டர் ஸீக்லிண்டே ஒலிபெருக்கி வைத்த போனில் முதல் எண்ணைச் சுழற்றினார். ஒரே மணி.

"க்ரென். சொல்லுங்க, என்ன உடைஞ்சுது?"

செவெரின் நாற்காலியில் நிமிர்ந்தான். ஒட்டிலியின் குரல் அந்தப் பெரிய அறையில் கணீரென்று கேட்டது.

"எங்கள் ரம்பம் ஓடவில்லை" என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார் ஸீக்லிண்டே.

"கயிறு இழுக்க வருதா? பெட்ரோல் வாடை அடிக்குதா? சரி, அதெல்லாம் வேண்டாம், தூக்கிட்டு வாங்க. ஆறு மணி வரைக்கும் கடையிலதான் இருப்பேன். வண்டி இல்லன்னா எந்த மலைன்னு சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கிறேன்."

ட்ராக்ஸ்லர் போனை வைக்கச் சொன்னார்.

"பாத்தீங்களா?" என்றார் அவர், வருத்தத்தோடு. "முதல் மணியிலயே எடுக்கிறாங்க. அதாவது வேலையே இல்ல. எடுத்ததும் என்ன உடைஞ்சுதுன்னு கேக்குறாங்க. அதாவது அவங்க விக்கிறது உடையும்னு அவங்களுக்கே தெரியும். நானே வரேன்னு வேற சொல்றாங்க. ஒரு நிறுவனம்னா கொஞ்சம் மரியாதை வேண்டாமா? ரெண்டு மதிப்பெண்."

செவெரினின் கை தானாகவே மேலே போனது. அறை முழுக்க அவன் பக்கம் திரும்பியது.

"ஐயா... அந்த அக்கா... அவங்க நல்லா..."

"பிரதிநிதி கருத்துச் சொல்ல விரும்புறாரா?" என்று ஸீக்லிண்டேயிடம் கேட்டார் ட்ராக்ஸ்லர்.

"கருத்து கேட்புப் படிவத்தைப் பதினாலு நாள் முன்னாடியே கொடுத்திருக்கணும், ஆலோசகர் ஐயா."

"அப்போ அவர் கையத் தூக்கினத மட்டும் குறிச்சுக்கோங்க. சோம்பல் முறிச்சதா போடுங்க."

இரண்டாம் கடையில் போனை எடுத்தது ஓர் இயந்திரம். பதினோரு நிமிடம் வால்ட்ஸ் இசை ஓடியது. உறுப்பினர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். ஒருவர் காலால் தாளம் போட்டார். ஏழு மதிப்பெண். மூன்றாவது எண் உபயோகத்திலேயே இல்லை. கடையை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"இந்தக் கடைமேல இந்த ரெண்டு வருஷத்துல எத்தன புகார்?" என்று கேட்டார் ட்ராக்ஸ்லர்.

"ஒண்ணுகூட இல்ல, ஆலோசகர் ஐயா."

"பத்து."

இவ்வளவு உழைத்தும் செப்டம்பரில் கூட்டிப் பார்த்தபோது மூன்று பெட்டிகளும் ஒரே மொத்தத்தில் வந்து நின்றன. ஆச்சரியக்குறித் துணைக்குழு அப்படித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அறை திகைத்து உட்கார்ந்திருக்க, ட்ராக்ஸ்லர் எழுந்து ஜன்னலருகே போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"நாம நாலாவத மறந்துட்டோம். பிரதிநிதியோட ரம்பம்."

செவெரின் கையெழுத்துப் பேனாவைக் கீழே வைத்தான்.

"யோசிச்சுப் பாருங்க. இந்த ரம்பம் ஆறு மாசமா பிரேக் இல்லாம ஓடுது. ஓட்டுறவர் நம்ம கண்ணு முன்னாடி உக்காந்திருக்கார். இத விட நம்பகத்தன்மைக்கு என்ன சாட்சி வேணும்? தன்னால ரெண்டு தடவ எகிறியிருக்குன்னு அறிக்கை சொல்லுது. இந்த மூணு பெட்டியும் தொண்ணூறு நாள்ல ஒரு அங்குலமாவது எகிறிச்சா? அதுதான் திறன். ஆறு மாசத்துல ஒரு தடவகூட கடைக்குப் போகல. ஆதரவே தேவைப்படாத ரம்பத்துக்கு விற்பனையாளர் ஆதரவு எதுக்கு?"

"சீல் வச்சிருக்கீங்களே ஐயா, எப்படிப் போறது..." என்று செவெரினிடமிருந்து ஒரு குரல் வந்தது. அது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம்.

"நல்ல வேளை சொன்னார். சீல் ஆறு மாசமா அப்படியே நிக்குது. அதையும் சேத்துக்கோங்க, மாஜிஸ்டர் அம்மா."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாநிலத்தின் மிகச் சிறந்த ரம்பம் செவெரினுடையது. அந்த மாடலைச் செய்வதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டதால் புதிதாக வாங்க வழியில்லை. ஆகவே, இப்போது புழக்கத்தில் இருக்கும் எல்லா ரம்பங்களும் நவம்பர் பதினைந்தாம் தேதிக்குள் பிரேக் கழற்றப்பட்டு, முத்திரையிடப்பட்டு, இந்த 'மாதிரி நிலை'க்குக் கொண்டுவரப்பட வேண்டும்.

சுற்றறிக்கை செவெரினுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. பார்ட்டல் ரயில் நிலையத்திலேயே காத்திருந்தான். கையில் அந்தத் தாள்.

"என் ரம்பத்துல பிரேக் இருக்குடா. நல்லா இருக்குடா" என்றான். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது செவெரினுக்கு. "எனக்கு ரெண்டு பொண்ணு. உன் மூணு வரி லெட்டருக்கு இந்த மலையில இருக்கிற முப்பத்தெட்டு பேரும் காத கொடுக்கணுமா?"

"நான் பிரேக் வேணும்னுதான்டா கேட்டேன்."

"தெரியும்டா. அதான் இன்னும் பயமா இருக்கு."

அக்டோபர் கடைசியில் விழா. இடம், செவெரின் வேலை செய்யும் அதே சரிவு. ஊர் பேண்டு வாத்தியம் வந்தது. மேசை போட்டுச் சூடாகப் பொரித்த இனிப்பு உருண்டைகள் வைத்தார்கள். ட்ராக்ஸ்லர் பச்சைக் கம்பளிக் கோட்டும், மலையாட்டு முடி செருகிய தொப்பியும் அணிந்து வந்தார். கூட்டத்தின் ஓரத்தில் முப்பத்தெட்டு மரவெட்டிகளும் நின்றார்கள். ஒட்டிலியும் வந்திருந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை.

செவெரின் ரம்பத்தைக் கிளப்பினான். காட்டுவதற்காகக் கிடத்தியிருந்த மரத்தில் ஒரு வெட்டுப் போட்டு நிமிர்ந்தபோது, படம் பிடிக்கிறவர் கையை ஆட்டினார்.

"ஆலோசகர் ஐயா கையில இருந்தா நல்லா இருக்குமே. ஓடிட்டு இருக்கும்போதே!"

ட்ராக்ஸ்லர் புன்னகையோடு கையை நீட்டினார். கொடுக்கலாமா என்று செவெரின் சுற்றிலும் பார்த்தான். வேண்டாமென்று சொல்ல எந்தப் படிவத்தை எத்தனை நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டுமோ தெரியவில்லை. கொடுத்தான்.

ரம்பம் கைக்கு வந்ததும் அதன் அதிர்வில் ட்ராக்ஸ்லர் பிடியை இறுக்கினார். பயந்த மனிதன் எதையும் இறுக்கித்தான் பிடிப்பான். ரம்பத்தில் இறுக்கினால் வேகத்தைக் கூட்டும் விசை அழுந்தும். சங்கிலி வீறிட்டது. அந்தச் சத்தத்தில் அவர் இன்னும் இறுக்கினார். அலகு தாழ்ந்து மரத்தை நோக்கிப் போவதைச் செவெரின் பார்த்தான். ஏழு மாதமாகத் தூக்கத்திலும் விழிப்பிலும் அவன் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அது. அடுத்து என்ன நடக்கும் என்பது அவனுக்கு நொடி நொடியாக மனப்பாடம். முனை மரத்தைத் தொடுவதற்கு முன்பே அவன் கை ட்ராக்ஸ்லரின் கோட்டுக் கழுத்தில் இருந்தது. பின்னால் இழுத்தான். இருவரும் பாசியில் மல்லாந்து விழுந்தார்கள். எகிறிய ரம்பம், ஒரு நொடி முன்புவரை ட்ராக்ஸ்லரின் முகம் இருந்த இடத்தின் வழியாகப் போய்ச் சரிவில் உருண்டது. செவெரின் ஊர்ந்துபோய் அதன் எஞ்சினை நிறுத்தினான்.

அமைதியான இடைவெளியைச் சைகை என்று எடுத்துக்கொண்டு பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள்.

ட்ராக்ஸ்லரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தொப்பி எங்கோ போய்விட்டது. அது இல்லாமல் அவர் சாதாரண வழுக்கைத் தலைக் கிழவராக இருந்தார்.

"இது..." என்றார் மெதுவாக. "இது எப்பவுமே இப்படித்தானா?"

"ஆமாங்க ஐயா."

"தெனமுமா?"

"எப்ப எகிறும்னு தெரியாதுங்க. அதனால தெனமுந்தான்."

அவர் செவெரினின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி விடவில்லை. இத்தனை மாதத்தில் தன் பயத்தை இன்னொரு முகத்தில் செவெரின் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இவருக்குப் புரிந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

மாஜிஸ்டர் ஸீக்லிண்டே குறிப்பேட்டோடு குனிந்தார். "இத எப்படிப் பதிவு செய்யட்டும், ஆலோசகர் ஐயா?"

ட்ராக்ஸ்லர் கையை விட்டார். எழுந்து கோட்டைத் தட்டினார். முகத்தில் நிறம் திரும்பியது. நிறத்தோடு அலுவலகமும் திரும்பி வந்தது.

"நடவடிக்கை எடுக்கப்படும்னு போடுங்க."

நடவடிக்கை எட்டே நாளில் வந்தது. அந்த அலுவலகத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு வேகமாக எதுவும் வந்ததில்லை. பார்ட்டல் தாளை ஒட்டிலியின் கடைக்கு எடுத்துவந்து உரக்கப் படித்தான்.

"மாதிரி நிலையில் உள்ள ரம்பங்கள் ஆபத்தானவை என்று நேரடி ஆய்வில் தெரியவந்துள்ளது. ஆகவே இனி எந்த அதிகாரியும் அவற்றுக்கு ஐம்பது மீட்டருக்குள் செல்லக் கூடாது. ஆய்வுகள் அனைத்தும் தொலைநோக்கி மூலம் நடைபெறும்." திருப்பிப் பார்த்தான். "அவ்வளவுதான். நம்மளப் பத்தி ஒரு வரி இல்ல."

செவெரின் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். ஒட்டிலிதான் தாளை வாங்கி இன்னொரு முறை படித்தாள்.

"அம்பது மீட்டர்" என்றாள்.

"ஆமா அக்கா."

"அம்பது மீட்டர்லருந்து பாத்தா, ஒரு ரம்பத்துக்குள்ள பிரேக் இருக்கா இல்லியான்னு எவன் கண்ணுக்குத் தெரியும்?"

செவெரினுக்கு முதலில் பயம்தான் வந்தது. பிறகு ரம்பத்தைத் தூக்கி அவள் மேசைமேல் வைத்தான். "வெட்டுங்க அக்கா" என்றான். ஒட்டிலி குறட்டை எடுத்துக் கம்பியை நறுக்கினாள். புதுப் பட்டை போட்டு, மூடியைத் திருகி, கம்பியை வெட்டு தெரியாமல் மறுபடி சுற்றிவிட்டாள். பதினெட்டு நிமிடம் ஆனது. அந்த வாரம் மற்ற முப்பத்தேழு ரம்பங்களும் ஒவ்வொன்றாக அவள் மேசைக்கு வந்து, மேலே கம்பி மட்டும் சுற்றப்பட்டு, பிரேக் கழற்றப்படாமலே மாதிரி நிலையை அடைந்தன.

நவம்பர் நடுவில் ஆய்வாளர் வந்தார். கீழே காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி, அளவுநாடாவால் தூரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். மேலே செவெரின் ஒரு மரத்தைத் துண்டாக்கிக்கொண்டிருந்தான். இலைக்குள் மறைந்திருந்த ஒரு கிளையில் முனை உரசியது. ரம்பம் எகிறியது. டக்கென்று சங்கிலி நின்றது.

அவன் முகத்துக்கு ஒரு சாண் முன்னால், அசையாமல், பல் பல்லாக, ஒவ்வொரு பல்லையும் எண்ணிவிடலாம் போல. செவெரின் ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். வலது கை தோளிலிருந்து விரல் நுனிவரை உதறியது. நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. உதறட்டும் என்று உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

கீழே ஆய்வாளர் தொலைநோக்கியை இறக்கிவிட்டு, தானும் கையை உயர்த்தி உற்சாகமாக ஆட்டினார்.